புதுச்சேரி அறிமுகக் கட்டுரைகள்: கால்வாயோடு நின்றுவிடும் வரைபடம்

புதுச்சேரிக்கு வருவோருக்காக எழுதப்படும் அறிமுகக் கட்டுரைகள் இன்று ஏராளம். சுற்றுலாக் கையேடுகள், விடுதிகள் தரும் மடிப்பிதழ்கள், பயண நூல்களின் முன்பகுதிகள், இணையப் பக்கங்கள் எனப் பல வடிவங்களில் அவை கிடைக்கின்றன. நிலம், மக்கள், தலைநகர் என்ற மூன்று தலைப்புகளில் ஒரு நாட்டை அறிமுகம் செய்யும் பழைய மரபையே இவையும் பின்பற்றுகின்றன. ஆனால் நிலத்துக்கு ஒரு பத்தி, மக்களுக்கு இரண்டு வரி, தலைநகருக்கு மீதி எல்லாம் என்பதே பெரும்பாலான கட்டுரைகளின் பங்கீடு. அந்தத் தலைநகரிலும் கடற்கரைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட சில தெருக்களே முழு நகராகக் காட்டப்படுகின்றன.

இரண்டு நாள் தங்கிச் செல்லும் பயணிக்கு இது போதும் என்று வாதிடலாம். இக்கட்டுரைகளைப் பயணிகள் மட்டும் படித்தால் அந்த வாதம் செல்லும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் நீண்ட காலம் சொந்தப் பாடத்திட்டம் இருந்ததில்லை. புதுச்சேரி, காரைக்கால் மாணவர்கள் தமிழ்நாட்டுப் பாடநூல்களையும், மாகே மாணவர்கள் கேரளப் பாடநூல்களையும், ஏனாம் மாணவர்கள் ஆந்திரப் பாடநூல்களையும் படித்தார்கள். அந்நூல்கள் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. அண்மையில் அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அது நாடு முழுமைக்கும் பொதுவானது. ஆகவே 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் முத்தியால்பேட்டைப் பிள்ளையும் பாகூர்ப் பிள்ளையும் போய் நிற்பது பயணிகளுக்காக எழுதப்பட்ட இந்தப் பக்கங்களின் முன்னால்தான். வெளியாருக்கு எழுதியது உள்ளூர்ப் பிள்ளைகளின் பாடநூலாகிவிட்டது. எனவே அதில் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது அவசியமாகிறது.

ஒரு பெயர், நான்கு அளவுகள்

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. 'புதுச்சேரி' என்ற சொல் நான்கு வெவ்வேறு அளவுள்ள இடங்களைக் குறிக்கும். கடலோரத்துப் பழைய நகரம் ஒன்று. அதைச் சூழ்ந்து வளர்ந்த நகராட்சி எல்லை இரண்டாவது. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளையும் உழவர்கரை நகராட்சியையும் உள்ளடக்கிய புதுச்சேரி மாவட்டம் மூன்றாவது. காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றையும் சேர்த்த யூனியன் பிரதேசம் நான்காவது.

அறிமுகக் கட்டுரைகள் இந்த நான்கையும் ஒரே பத்தியில் கலந்துவிடுகின்றன. மக்கள்தொகை என்று யூனியன் பிரதேசத்தின் எண்ணைத் தருவார்கள். அடுத்த வரியிலேயே 'இங்குள்ள தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்பவை' என்பார்கள். அது பழைய நகரத்துக்கு மட்டும் பொருந்தும். 2011 கணக்கெடுப்பின்படி யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 12,47,953. இதில் புதுச்சேரி மாவட்டம் 9,50,289, காரைக்கால் 2,00,222, ஏனாம் 55,626, மாகே 41,816. பயணிகள் நடந்து பார்க்கும் தெருக்களில் வாழ்வோர் இந்தத் தொகையில் மிகச் சிறிய பங்கு.

'தலைநகர் எது?' என்ற கேள்விக்கு 'புதுச்சேரியின் தலைநகர் புதுச்சேரி' என்ற விடையைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பதுண்டு. ஆனால் கேள்வி சரியானதே. 30 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் சட்டப்பேரவையில் புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகேக்கு 1, ஏனாமுக்கு 1 இடம். ஏனாமின் ஒற்றை உறுப்பினர் தன் தலைநகருக்கு வர 800 கி.மீ.க்கு மேல் பயணம் செய்ய வேண்டும். மாகேயின் உறுப்பினர் மேற்குக் கரையிலிருந்து 600 கி.மீ.க்கு மேல் வர வேண்டும். தலைநகர் என்பது அவர்களுக்குச் சிரிப்புக்குரிய கேள்வி அல்ல.

நிலத்தைப் பற்றிய பத்தி

அறிமுகங்களில் மிகவும் அவசரமாக எழுதப்படுவது நிலவியல் பகுதி. 'கிழக்கே வங்காள விரிகுடா, மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு' என்ற வாக்கியம் வழிவழியாக நகலெடுக்கப்படுகிறது. மாகேயின் மேற்கே இருப்பது அரபிக்கடல். அதைச் சுற்றி இருப்பது கேரளம். ஏனாம் கௌதமி கோதாவரிக் கரையில், ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்கு அருகில் இருக்கிறது. சுமார் 490 ச.கி.மீ. பரப்பும் நான்கு துண்டுகளும் கொண்ட ஆட்சிப் பகுதிக்கு ஒரே கடலையும் ஒரே அண்டை மாநிலத்தையும் சொல்வது பிழை.

புதுச்சேரி மாவட்டம் மட்டும் என்று எடுத்துக்கொண்டாலும் அந்த வாக்கியம் தேறாது. மாவட்டம் ஒரே நிலப்பரப்பு அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே சிதறிய துண்டுகளின் தொகுப்பு அது. நகரத்திலிருந்து காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் செல்லும் மாணவர் முத்தியால்பேட்டையைக் கடந்ததும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். சிறிது தூரத்தில் மீண்டும் புதுச்சேரிக்குள் வருகிறார். தினமும் இரண்டு மாநில எல்லைகளைக் கடப்பது அவருக்குத் தெரியும். கட்டுரை எழுதுவோருக்குத் தெரிவதில்லை. மடுகரை, கரையாம்புத்தூர் பக்கம் போனால் ஒரே சாலையில் எல்லை வருவதும் போவதுமாக இருக்கும். மதுக்கடைப் பலகைகளைப் பார்த்து எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று கண்டுகொள்ளலாம் என்று உள்ளூரில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்தச் சிதறலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர் இந்நிலத்தை ஒரே தடவையில் பெறவில்லை. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றியது கடலோரத்துச் சிறு இடத்தில். 1749இல், ஆற்காட்டு அரசுரிமைப் போரின்போது வில்லியனூரும் பாகூரும் வந்து சேர்ந்தன. காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பெறப்பட்டது. பின்னர் ஆங்கிலேயரோடு நடந்த போர்களில் ஊர்கள் கைமாறின. 1816இல் இறுதியாகத் திரும்பக் கிடைத்தபோது ஒட்டுப்போட்ட துணி போன்ற வரைபடமே மிஞ்சியது. இன்று வாகனப் பதிவெண்ணில் புதுச்சேரிக்கு 01, காரைக்காலுக்கு 02, மாகேக்கு 03, ஏனாமுக்கு 04 என்று வரும் வரிசையில் அந்த வரைபடம் எஞ்சியிருக்கிறது. நிலவியல் பத்தியில் இதைச் சொன்னாலே மாணவனுக்குப் பாதி வரலாறு புரிந்துவிடும்.

ஆறுகளும் ஏரிகளும் பெரும்பாலும் விடுபடுகின்றன. சங்கராபரணி எனப்படும் செஞ்சியாறு வில்லியனூர் வழியாக வந்து கடலில் கலக்கிறது. தெற்கே தென்பெண்ணை பாகூர் வயல்களுக்கு உயிர் தருகிறது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் இம்மாவட்டத்தின் பெரிய நீர்நிலைகள். வடமேற்கே கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேட்டுநிலம், தெற்கே வண்டல் சமவெளி என்று நிலம் இரண்டு தன்மை கொண்டது. கடற்கரைச் சாலையில் நிற்பவர் இதை அறிய வழியில்லை.

கடற்கரையைப் பற்றிய வர்ணனையும் சரிபார்க்கப்பட வேண்டும். 'பொன் மணல் பரந்த கடற்கரை' என்று எழுதியதைப் படித்துவிட்டு வருபவர் நகரக் கடற்கரையில் பெரிதும் காண்பது கருங்கல் பாறைகளை. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு வடக்கு நோக்கிய மணல் நகர்வு தடைபட்டது. நகரத்து மணற்பரப்பு அரிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் செயற்கைத் திட்டு அமைத்ததால் வடபகுதியில் கொஞ்சம் மணல் சேர்ந்துள்ளது. இந்தச் செய்தி வர்ணனையைவிடச் சுவையானது, பயனுள்ளதும்கூட.

பருவநிலை பற்றிய அறிவுரை இன்னும் கவலைக்குரியது. 'வருவதற்கு ஏற்ற காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை' என்ற வரியைக் காணாத கையேடு அரிது. வட இந்தியாவுக்கு எழுதிய வரியை அப்படியே இங்கே ஒட்டியது போலத் தோன்றுகிறது. அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை இங்கு வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் காலம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாகேக்கு ஜூன் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. ஏனாமுக்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கோதாவரி வெள்ளம். நான்கு பகுதிகளுக்கும் ஒரே வரியில் பருவநிலை எழுத முடியாது.

கால்வாய்க்குக் கிழக்கே

தலைநகர் பகுதிக்கு வரும்போது அறிமுகங்களின் நடை மாறுகிறது. மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, காகிதப்பூக் கொடி, அடுமனை மணம் என்று வர்ணனை தொடங்கும். 'கிழக்கின் பிரெஞ்சு ரிவியரா' என்ற பட்டமும் தவறாமல் வரும். காலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்லும் முழக்கம் ஒன்றைச் சுற்றுலாத் துறை வைத்திருந்தது. அந்த முழக்கம் இந்த எழுத்துகள் அனைத்துக்கும் பொதுத் தலைப்பாகப் பொருந்தும். புதுச்சேரியில் காலம் நின்றுவிட்டது என்பதுதான் இவை சொல்லவருவது.

இந்த ஏக்கத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வயது. பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லொத்தி இந்தியப் பயணம் பற்றி 1903இல் வெளியிட்ட நூலில் புதுச்சேரியைப் பற்றியும் எழுதினார். இழந்த பேரரசின் நினைவில் தோய்ந்த கண்ணோட்டம் அவருடையது. ஒரு பிரெஞ்சுக்காரருக்கு அந்த ஏக்கம் இயல்பு. அதே ஏக்கத்தைத் தமிழில் தமிழருக்காக எழுதும்போது யாருடைய இழப்பை யார் நினைத்து உருகுகிறார் என்ற கேள்வி எழுகிறது.

உண்மையில் காலம் இங்கு ஒருபோதும் நிற்கவில்லை. 1693இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்தனர். பிரெஞ்சுத் திட்டமிடலின் சின்னமாகப் போற்றப்படும் கட்டத் தெருக்களின் தொடக்கம் அந்த டச்சு ஆண்டுகளின் வரைபடத்தில் இருக்கிறது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765இல் திரும்பப் பெற்ற பிறகே நகரம் மறுபடி கட்டப்பட்டது. ஆகவே இன்று காணும் 'பிரெஞ்சு நகரம்' துய்ப்ளேக்ஸ் நடந்த நகரம் அல்ல. 1871இல் கட்டப்பட்ட நகராட்சிக் கட்டடமான 'மேரி' 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் அதன் படத்தின் கீழ் 'பழைமை மாறாத' என்று எழுதுவது பயணியையும் ஏமாற்றுகிறது, இடிந்ததையும் மறுபடி எழுப்பியதையும் மறைக்கிறது.

'ஒயிட் டவுன்' என்ற பெயர் தனியாகக் கவனிக்கத்தக்கது. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று ஆட்சியாளர் வைத்த இரட்டைப் பெயரில் பாதி அது. இன்று விடுதிப் பலகைகளிலும் தமிழ்க் கையேடுகளிலும் அந்தப் பாதி மட்டும் பெருமையாகப் பயன்படுகிறது. மறு பாதியை எல்லோரும் மெல்ல விட்டுவிட்டார்கள். சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கூச்சம் முதல் பாதிக்கும் இருந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரிப்பதாகக் கையேடுகள் அழகாக எழுதும் 'பெரிய கால்வாய்' உண்மையில் நகரத்தின் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் என்பதை, வந்து பார்ப்பவர் மூக்கே சொல்லிவிடும்.

மேற்கே உள்ள தமிழ்ப் பகுதி கட்டடக் கலையில் எவ்விதத்திலும் குறைந்ததல்ல. தெருவைப் பார்த்த திண்ணை, அதன்மேல் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், உள்ளே முற்றம் என அமைந்த வீடுகள் வரிசையாக நின்ற தெருக்கள் அவை. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ்முறை, மேல்தளம் பிரெஞ்சுமுறை. வைசியாள் வீதியில் இத்தகைய வீடுகள் செப்பனிடப்பட்டு அம்முயற்சி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் பெற்றது. தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம் குடியிருப்பின் வீடுகளுக்கு வேறொரு முகம். பயணிகள் போகும் தெருவில் வீடு விடுதியாகிப் பிழைத்துக்கொள்கிறது. போகாத தெருவில் திண்ணை இடிக்கப்பட்டுக் கடையாகிறது. எந்தத் தெருவைப் பற்றி எழுதுகிறோம் என்பது அந்தத் தெருவின் ஆயுளையும் தொடுகிறது என்பதை எழுதுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சம்பா கோவில் எனப்படும் மிஷன் வீதித் தேவாலயம் எல்லாக் கையேடுகளிலும் உண்டு. அதன் அருகில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல் துய்ப்ளேக்ஸ் காலத்தில் இடிக்கப்பட்டதும், இன்றைய கோயில் வேறிடத்தில் பின்னர் எழுப்பப்பட்டதும் பெரும்பாலும் இல்லை. இரு தரப்பு மக்களும் அடுத்தடுத்த தெருக்களில் இன்று அமைதியாக வாழ்கிறார்கள். நடந்ததைப் பதற்றமின்றி எழுதினால் யாருக்கும் மனக்குறை வராது.

பாரதி பூங்காவின் ஆயி மண்டபமும் இப்படித்தான். வெள்ளை நிறம், கிரேக்க-உரோமானியத் தூண்கள், மூன்றாம் நெப்போலியன் காலத்துக் கட்டுமானம் என்ற விவரங்களோடு கட்டுரை முடிந்துவிடும். தன் மாளிகையை இடித்துவிட்டு மக்களுக்காகக் குளம் வெட்டியவளாக மரபுக் கதை சொல்லும் ஆயி என்ற தாசியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுவே இருக்கிறது. ஓர் அரசு தன் சின்னமாகத் தண்ணீர் தந்த தாசியின் மண்டபத்தை வைத்திருப்பது எந்த ஊருக்கும் வாய்க்காத பெருமை. அதைத் தூண்களின் அழகோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மக்கள்

'புதுச்சேரி மக்கள் அமைதியானவர்கள், விருந்தோம்பல் மிக்கவர்கள், பலர் பிரெஞ்சு பேசுவர்' என்பதே மக்களைப் பற்றிய வழக்கமான இரண்டு வரி. உலகின் எந்த ஊரையும் பற்றி இதன் முதல் பாதியை எழுதலாம். இரண்டாம் பாதி விளக்கம் கேட்கிறது.

பெரும்பான்மையோர் பேசுவது தமிழ். மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. பிரெஞ்சு பேசுவோர் சிறு தொகையினர். ஆனால் அவர்கள் கதை மிகவும் ஆழமானது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுசென்று வென்றார். 1881இல் வந்த ஆணைப்படி, சாதி வழியும் மத வழியும் வந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கவும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவும் வழி பிறந்தது. பொன்னுத்தம்பி 'லபோர்த்' என்ற பெயரை ஏற்றார். கீழே தள்ளப்பட்டிருந்த பலருக்கு அந்த ஆணை ஒரு வாசலாக அமைந்தது. இன்று ஜூலை 14 அன்று பதக்கங்கள் அணிந்து அணிவகுக்கும் 'சொல்தா' முதியவர்களைப் படமெடுத்துப் போடும் பக்கங்கள், ஒரு தமிழர் ஏன் பிரெஞ்சுப் பெயர் தாங்குகிறார் என்று ஒரு வரி சேர்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இதே துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலித் தொழிலாளர்களையும் மக்கள் என்ற தலைப்பின் கீழ்தான் சேர்க்க வேண்டும்.

பஞ்சாலைத் தொழிலாளர்களும் விடுபடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் நகரத்துக்குச் சோறு போட்டவை ரோடியர், சவானா, கப்ளே ஆகிய மில்கள், சுற்றுலா அல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தனர். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எட்டு மணி நேர வேலையை அரசு சட்டமாக்கியது. ஆண்டுதோறும் அந்நாள் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. ரோடியர் மில் பின்னர் ஏ.எஃப்.டி. ஆகி 2020இல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடுதிகளில் பயணிகளின் பெட்டியைத் தூக்குகிறார்கள். அறிமுகக் கட்டுரையில் தாத்தாவும் இல்லை, பேரனும் இல்லை.

விடுதலையைப் பற்றியும் குழப்பம் உண்டு. '1954இல் பிரெஞ்சுக்காரர் வெளியேறினர்' என்று ஒரே வரியில் முடிப்பார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணையவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல்தான் நிகழ்ந்தது. 1963 ஜூலை 1இல் யூனியன் பிரதேசமானது. அரசு நவம்பர் 1, ஆகஸ்டு 16 என்று இரண்டு நாள்களிலும் கொடியேற்றுவது ஏன் என்று பயணி கேட்டால் விடை இந்த ஆண்டுகளில் இருக்கிறது. கீழூர் நகரத்திலிருந்து அரை மணிப் பயணம். நினைவுச் சின்னமும் இருக்கிறது. 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' பட்டியலில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லுக்கு மட்டும் அதே பட்டியலில் தவறாமல் இடம் கிடைக்கிறது.

மேற்கே நடந்தவர்கள்

நல்ல அறிமுகத்துக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதி கடலையும் பார்த்தார், மேற்கேயும் நடந்தார். குயில் பாட்டின் களம் நகருக்கு மேற்கே உள்ள மாஞ்சோலை. இங்கேயே 1891இல் பிறந்த பாரதிதாசனின் வீடு பெருமாள் கோயில் வீதியில், கால்வாய்க்கு மேற்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. யான் மார்ட்டல் 2001இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவல் புதுச்சேரியை உலகுக்கு அறிமுகம் செய்தது. தாவரவியல் பூங்காவில் விலங்குகள் எங்கே என்று தேடும் பயணிகளையும் உண்டாக்கியது. ஒரு வெளிநாட்டவரின் கற்பனை என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நகரத்தைவிட்டுச் சற்று விலகினால் காலத்தின் அளவே மாறுகிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமானிய உலகோடு இருந்த வணிகத்தை வெளிக்கொணர்ந்தது. பாகூரில் கிடைத்த, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பட்டதைச் சொல்கிறது. திருபுவனைக் கல்வெட்டு 1048இல் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த மற்றொரு சாலையைப் பதிவுசெய்கிறது. அங்கு யார் படித்தார்கள், யாருக்கு அனுமதி இல்லை என்ற கேள்விகளும் சேர்ந்தே எழும். அவற்றையும் மாணவர்கள் கேட்கட்டும். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பறையில் எத்தனை பேர் என்று கணக்கு வைத்திருந்த ஊர் இது என்பது, எழுத அமரும் எந்தப் பிள்ளைக்கும் நல்ல முதல் வரி.

நகரத்துக்குள்ளேயே பார்க்க விரும்புவோருக்கும் ஒரு வழிகாட்டி இருக்கிறார். துய்ப்ளேக்ஸின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, சரக்கு விலை, கோயில் இடிப்பு, சாதிச் சண்டை, வதந்தி, சகுனம், கவர்னர் மனைவியின் கோபம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஊரை அழகுபடுத்திக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பிரபஞ்சன் அந்தக் காலத்தை 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களில் எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. கோட்டையும் கவர்னர் மாளிகையும் 1761இல் போய்விட்டன. பிள்ளையின் வீடு அவர் பெயர் தாங்கிய வீதியில் இன்றும் நிற்கிறது. பூக்கடைகளையும் மீன்கடைகளையும் படமெடுக்கப் பயணிகளைக் கையேடுகள் அனுப்பிவைக்கும் பெரிய மார்க்கெட்டை ஒட்டித்தான் அந்த வீடு இருக்கிறது.